கவோருக்கு ஒரு ‘இல்லை’

இரண்டே இரண்டு சட்டைதான் என்று ஒற்றைக்காலில் நின்றான் மிசாக். நான் நாலு சட்டைகளை இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைக்க, அவன் இரண்டை எடுத்துத் திரும்பவும் அலமாரியில் தொங்கவிட்டான்.

“நாலு எடுத்துட்டுப் போனா, கடைசி வரைக்கும் ஜெயிச்சுட்டேன்னு மனசு நெனச்சுக்கும். மனசு அப்படி நெனச்சுதுன்னா முதல் சுத்துலயே பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வரணும்” என்றான்.

“ஒரே சட்டையத் திரும்பத் திரும்பப் போட்டா, எதிர்ல உக்காந்திருக்கறவன் நாத்தம் தாங்காம எழுந்து ஓடிடுவான். அதுதான் உன் திட்டமா?”

“தினம் துவைச்சுப் போட்டுக்குவேன், ஹெகினே. துவைக்கறது நல்லது. ஜெயிச்சவனுக்கும் நாளைக்கு ஒரு வேலை இருக்குன்னு கைக்குத் தெரியணும்.”

இப்படிப் பேசுகிறவனோடு என்ன சண்டை போடுவது? அந்த இரண்டு சட்டைகளை நான் மடித்து என் பையில் ஒளித்து வைத்தேன். எனக்கு அவன் மனசைவிட அவன் ஆட்டத்தின் மேல் நம்பிக்கை அதிகம்.

நான் கியூம்ரியில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர்க்காரிகளுக்கு நாக்கு நீளம் என்று தலைநகரத்தில் சொல்வார்கள். என்னோடு ஐந்து நிமிடம் பேசினால், குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொள்வார்கள். மிசாக் என் கணவன். கிராண்ட்மாஸ்டர். கேட்கப் பெரிதாக இருக்கும். இந்த நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் அது ஒரு சதுரங்கக்காரன் தலையில்தான் விழும். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் குதிரை எப்படித் தாவும் என்று காட்டுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தன் குதிரைகளைத் தாவவிடுவான்.

அந்த வருடம் நாட்டின் சாம்பியன் பட்டத்துக்கு நாக் அவுட் முறையில் போட்டி வைத்தார்கள். தோற்றவன் அன்றைக்கே வீட்டுக்கு. கடைசியில் நிற்பவனுக்கு உலகக் கோப்பையில் ஓர் இடம். ஒரே ஓர் இடம்தான். மிசாக்குக்கு நாற்பத்து நாலு வயது. உலகக் கோப்பையில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. மற்றப் போட்டிகளில் எல்லாம் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போயிருக்கிறது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், என்னிடம் தலையைக் கொடுக்கிற அத்தனை பெண்களுக்கும் தெரியும்.

அவன் தயாராகிற விதமே தனி. “லீக்ல தோத்தா நாளைக்குன்னு ஒண்ணு இருக்கு. இங்க கிடையாது. அதனால இங்க ஆட்டத்த மட்டும் படிச்சாப் பத்தாது, ஆளப் படிக்கணும்” என்பான். ஒருத்தன் நிலைமை பிடிக்காவிட்டால் காபி எடுக்க எழுந்து போவான். இன்னொருத்தன் ஜெயிக்கப்போகிறான் என்றால் காலை ஆட்டுவான். வேறொருத்தனுக்கு நேரம் குறைந்தால் ராணியைப் பார்த்தாலே பயம், எதையாவது கொடுத்து ராணிகளைப் பலகையை விட்டு இறக்கிவிடுவான். இதையெல்லாம் பழைய ஒளிப்பதிவுகளைப் போட்டுப் போட்டுப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தான். மதியம் சாப்பிட்டதும் கண்மேல் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு படுப்பான், தூக்கம் வராவிட்டாலும். தினமும் அதே கோதுமைக் கஞ்சி, அதே பாலாடைக்கட்டி. வயிறு புதிதாக எதையும் யோசிக்கக் கூடாதாம்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம் வைத்திருந்தான். யாருக்கு அடுத்து யார் என்கிற அட்டவணை வந்ததும் அதை அப்பளம் மாதிரி மடித்து, முதல் எதிராளியின் பெயர் மட்டும் தெரிகிற மாதிரி கண்ணாடியில் செருகிவிட்டான். அதற்கு அடுத்தவனைப் பற்றி நினைக்கவே கூடாது. ஜெயித்த பிறகுதான் இன்னொரு மடிப்பைப் பிரிப்பான்.

சட்டம் அவனுக்கு, எனக்கென்ன? அவன் பள்ளிக்கூடம் போனதும் முழுசாகப் பிரித்துப் பார்த்தேன். மறுபாதியின் உச்சியில் செரோப்பின் பெயர் இருந்தது. இருவரும் ஜெயித்துக்கொண்டே வந்தால் கடைசி ஆட்டத்தில் நேருக்கு நேர்.

செரோப் எங்கள் கவோர். எங்கள் கல்யாணத்தில் தேவாலயத்தில் எங்கள் தலைக்கு மேல் சிலுவையைப் பிடித்து நின்றவர். என் மகள் ஷோகிக்கை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தியவர். கவோர் வீட்டு எலிக்கும் மரியாதை கொடுக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை மிசாக் அவரை “ஏய் செரோப்” என்றுதான் கூப்பிட்டான். சின்ன வயதிலிருந்து ஒரே செஸ் பள்ளி, அவர் நாலு வயது மூத்தவர். கல்யாணத்துக்கு மறுநாள் வாய் தானாக “கவோர் ஜான், வாங்க” என்று மாறிவிட்டது. ‘ஜான்’ என்பது நாங்கள் பாசமாகக் கூப்பிடுகிற சொல்.

மரியாதை மட்டுமா? நிலநடுக்கத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேர் வருடக்கணக்கில் தகர வீடுகளில்தான் கிடந்தார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது எங்களுக்கென்று தனியாக அதுவும் இல்லை. மிசாக்கின் அம்மா, இரண்டு தம்பிகள், நாங்கள், எல்லோரும் ஒரே தகரத்துக்குள். செரோப் தனக்கென்று இருந்த தகர வீட்டின் சாவியை மிசாக்கின் கையில் வைத்து மூடிவிட்டு, செஸ் பள்ளியின் பெஞ்சில் போய்ப் படுத்துக்கொண்டார். எங்கள் ஊர்க் குளிர் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேதான் கிடந்தார். நல்ல மனிதர். அதில்தான் சிக்கலே.

இந்த இரண்டு பேரும் எந்தப் போட்டியில் சந்தித்தாலும் ஒரே கதைதான். பத்துப் பன்னிரண்டு நகர்த்தல்கள், செரோப் தலையை நிமிர்த்தி, “சமாதானமா, மிசாக் ஜான்?” என்பார். இவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவான். டிரா. அரைப் புள்ளி உனக்கு, அரைப் புள்ளி எனக்கு, வா சாப்பிடப் போகலாம். இருபது வருடத்துக்கு மேலாக ஒரு தடவைகூட மாறியதில்லை. லீக் போட்டியில் யாருக்கும் நஷ்டமில்லை. நாக் அவுட்டில் அரைப் புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டேன். “கடைசியில கவோர் வந்தா என்ன பண்ணுவே?”

மிசாக் முகம் சிவந்துவிட்டது. “அட்டவணையப் பிரிச்சியா?”

“பிரிச்சேன். என்ன, சிறையில போடுவியா? எல்லாரையும் தோண்டித் தோண்டிப் படிச்சியே, கவோரப் படிச்சியா?”

“கவோர ஜெயிக்கத் தயார் பண்றதா? வெளிய தெரிஞ்சா காறித் துப்புவாங்க.”

“தாட்சண்யம் தனநாசம், மிசாக்.”

“அவரு அவ்வளவு தூரம் வருவாரோ என்னமோ. நான் வருவேனோ என்னமோ. அடுத்த ஆட்டத்த மட்டும் பாரு.”

சட்டம் பேசுகிறான்! எல்லாப் பக்கமும் கதவைச் சாத்திவிட்டுக் கொல்லைப் பக்கத்தைத் திறந்துபோட்டுவிட்டுக் காவல் இருக்கிற மாதிரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவனுடைய குளிர்தொப்பியை எடுத்து என் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சமையலறை மேசையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன். செரோப்பின் கட்டைக் குரலில், “சமாதானமா, மிசாக் ஜான்?” என்றேன்.

ஷோகிக் விழுந்து விழுந்து சிரித்தாள். மிசாக்கும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அவன் கை மேசைக்கு மேல் நீண்டது. நான் மரக்கரண்டியால் அந்தக் கையில் ஒன்று போட்டேன்.

“ஆ! வலிக்குதுடி!”

“வலிக்கட்டும். நான் உன் பொண்டாட்டி, தலையில உன் தொப்பி. எனக்கே கை நீளுதே, அவருக்கு நீளாதா? சொல்லு: ‘இல்ல, கவோர் ஜான். விளையாடுங்க.’”

“அப்பா, சும்மா சொல்லுங்கப்பா, ரெண்டு வார்த்தைதானே” என்றாள் ஷோகிக்.

மிசாக் அடிபட்ட கையைத் தடவிக்கொண்டான். “கவோர் ஜான்னு சொன்ன வாயில ‘இல்ல’ எப்படி வரும்?” என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் முகத்தில் வியர்வையைப் பார்த்தேன்.

“வரலைன்னா பேசாத. காயைத் தொடு. தொட்டாலே மறுத்ததா அர்த்தம்னு நீதானே எனக்குச் சொல்லிக் குடுத்தே?”

அன்றிலிருந்து இதுதான் எங்கள் வீட்டுப் பயிற்சி. வெங்காயம் உரிக்கும்போது கேட்பேன். மாடிப்படியில் பால் தூக்கிக்கொண்டு ஏறும்போது கேட்பேன். கைக்குட்டைக்கு அடியில் அரைத் தூக்கத்தில் இருக்கும்போது காதோரமாகக் கேட்பேன். முதலில் முனகினான். அப்புறம் முணுமுணுத்தான். பெட்டி கட்டுகிற நாளுக்குள், நான் “சமா” என்று ஆரம்பிப்பதற்குள் “இல்ல, கவோர் ஜான். விளையாடுங்க” என்று பட்டென்று வந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் பெருமை அடித்துக்கொண்டேன்.

போட்டி ஜெர்முக்கில், மலைமேல் ஒரு பழைய ஓய்வு விடுதியில். தினமும் சாயங்காலம் போன் வரும். ஜெயித்தேன், தோற்றேன் என்கிற பேச்சே கிடையாது. “சட்டை துவைச்சுட்டேன்” என்பான். அவ்வளவுதான். துவைத்திருந்தால் நாளைக்கும் அங்கேதான் இருப்பான் என்று அர்த்தம். காலை ஆட்டுகிறவனைத் துவைத்தான். காபிக்காரனைத் துவைத்தான். ராணிக்குப் பயந்தவனை ராணியை வைத்தே துவைத்தான். அரையிறுதி முடிந்த அன்றும் போன் வந்தது.

“துவைச்சுட்டேன்” என்றான். “கவோரும் துவைச்சுட்டாரு.”

கடையை ஷோகிக்கிடம் ஒப்படைத்துவிட்டு, ஒளித்து வைத்த சட்டைகளை எடுத்துக்கொண்டு மறுநாள் முதல் வேனைப் பிடித்தேன்.

விடுதி வாசலில் என்னை முதலில் கட்டிக்கொண்டவர் செரோப்தான். “வாம்மா ஹெகினே ஜான்! கத்தரி கொண்டாந்திருக்கியா? என் தலையில உனக்கு வேலையில்ல, இருக்கறது நாலு முடி.”

“அந்த நாலையும் நாளைக்கு மிசாக் பார்த்துக்குவான், கவோர் ஜான்.”

“பாரு பாரு, வந்ததும் வாயத் திறந்துட்டா!” என்று வயிறு குலுங்கச் சிரித்தார். மூன்று பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். தன் தட்டிலிருந்த நல்ல கறித்துண்டை எடுத்து மிசாக்கின் தட்டில் வைத்தார். அவருக்கு நாற்பத்தெட்டு. உலகக் கோப்பைக்கு இரண்டு தடவை போய் இரண்டு தடவையும் முதல் சுற்றில் திரும்பியவர். அவருக்கும் அந்த இடம் வேண்டும். வேண்டாமலா அங்கே வந்து உட்கார்ந்திருப்பார்?

கடைசிச் சுற்றில் முதலில் இரண்டு நீண்ட ஆட்டங்கள். முதல் நாள் மிசாக்குக்குக் கறுப்பு. செரோப் தலையை நிமிர்த்தினார், இவன் கையை நீட்டினான். மறுநாள் இவனுக்கு வெள்ளை. அதே கதை. பார்க்க வந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். பின்வரிசையில் ஒருத்தன், “ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் தாயம் உருட்டுங்கய்யா!” என்றான்.

மிசாக்கை நடைபாதையில் பிடித்து நிறுத்தினேன். “என்ன இது? சமையலறையில நாம என்ன கூத்தா அடிச்சோம்?”

“கறுப்புல டிரா தப்பே இல்ல. இன்னைக்கு நிலைமை சமமாத்தான் இருந்துச்சு. வேக ஆட்டத்துல பார்த்துக்கறேன்.” அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் வேக ஆட்டங்கள். அதில் உண்மையாகவே மோதினான், அதையும் சொல்ல வேண்டும். ஒன்றில் இவன் கை ஓங்கி, செரோப் எப்படியோ தப்பித்தார். இன்னொன்றில் அவர் கை ஓங்கி, இவன் தப்பித்தான். ஒருவரும் சமாதானம் கேட்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. இரண்டும் சமநிலையில் முடிந்ததும் எஞ்சியது ஒரே ஓர் ஆட்டம்.

அந்த ஆட்டத்துக்குத் தனிச் சட்டம். வெள்ளைக்கு நேரம் கொஞ்சம் அதிகம். அதற்கு ஈடாக, டிரா ஆனால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. வெள்ளை ஜெயித்தே ஆக வேண்டும். நிறத்தைத் தேர்ந்தெடுப்பது யார் என்று சீட்டுப் போட்டார்கள். செரோப்புக்கு விழுந்தது. அவர் கொஞ்சமும் யோசிக்காமல், “கறுப்பு” என்றார்.

இனி அவருக்கு டிரா போதும்.

நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் முதல் வரிசையில் இருந்தேன். எனக்குக் குதிரை தாவுகிற விதம் தெரியும், அதற்கு மேல் தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் புருஷனின் முதுகைப் படிக்கத் தெரியும். அந்த முதுகு நேராக இருந்தது. மேலே பெரிய திரையில் காய்கள் நகர்ந்தன. எனக்குப் பின்னால் இருந்த தாடிக்காரர், நாட்டில் பேர்பெற்ற பயிற்சியாளராம், பக்கத்தில் இருந்தவரிடம் குசுகுசுவென்று சொல்லிக்கொண்டே வந்தார். “வெள்ளைக்கு நல்லாருக்கு… இன்னும் நல்லாருக்கு… அய்யோ, செரோப்பு குதிரை மாட்டிக்கிச்சு… முடிஞ்சுது. யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கினாப் போதும். சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்.”

செரோப்பின் நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. மொட்டைத்தலை வியர்த்து மின்னியது. அவர் ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். அதற்கு அர்த்தமே இல்லை என்று எனக்கே தெரிந்தது. தள்ளிவிட்டுத் தலையை நிமிர்த்தினார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. உதடு அசைந்த விதம் எனக்கு மனப்பாடம். கடிகாரத்தை அழுத்தினார்.

மிசாக்கின் கை ஏற்கெனவே யானையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. போய் அதன் தலைக்கு மேல் நின்றது. தொடு, தொடுடா பாவி, தொடு என்று எனக்குள் கத்தினேன். வாய்விட்டே கத்தினேனோ என்னவோ, நடுவர் என் பக்கம் திரும்பினார். அந்தக் கை அங்கேயே நின்றது. அப்புறம் யானையை விட்டு விலகி, பலகையைத் தாண்டி, செரோப்பின் பக்கம் நீண்டது.

செரோப் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டார்.

“டிராவா?” என்று நடுவர் கேட்டார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை, இன்னொரு தடவை கேட்டார். “டிரா” என்றான் மிசாக். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது போலிருக்கிறது. காது இரண்டும் செக்கச்செவேலென்று ஆயின. எனக்குப் பின்னால் தாடிக்காரர், “என்னய்யா பண்ணிட்டான் இவன்?” என்றார். யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய் விடுதிச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

திரும்பி வரும் வேனில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கொண்டுபோன சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பாதி மலை இறங்கும் வரை நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவனுக்குத் தெரியும்.

“தொட்டில் பழக்கம்னு விட்டுடவா?” என்றேன் கடைசியில். “கை தானா போயிடுச்சுன்னு சொல்லு, நம்பறேன்.”

“தானா போகல” என்றான். “யானை மேலதான் இருந்துச்சு. இறக்கினா ஜெயிச்சுட்டேன்னும் தெரியும். ‘மிசாக் ஜான்’னாரு பாரு. தகர வீட்டுச் சாவியக் குடுத்தப்போ எந்தக் குரல்ல கூப்பிட்டாரோ, அதே குரல். வார்த்தை இங்க வரைக்கும் வந்துச்சு, ஹெகினே.” தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

“அவரு கறுப்பு ஏன் எடுத்தாரு? உன்னால மறுக்க முடியாதுன்னு தெரிஞ்சேதானே?”

“யாரா இருந்தாலும் கறுப்புதான் எடுப்பாங்க. நானும் எடுத்திருப்பேன்.”

“அப்போ ஏன் கேட்டாரு?”

“வாய்க்குப் பழக்கம்” என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவித்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. மிசாக் பள்ளிக்கூடம் போனான், வந்தான். கணினியைத் திறக்கவே இல்லை. கைக்குட்டையைக் கண்ணில் போட்டுக்கொண்டு மதியம் படுப்பதை மட்டும் விடவில்லை. அதற்கடியில் தூங்கவில்லை என்று மூச்சு சொன்னது. கடையில் தலையைக் கொடுத்தவர்கள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், “கவோர்கிட்ட எப்படி இல்லேன்னு சொல்றது, பாவம், சரியாத்தான் பண்ணினாரு உன் வீட்டுக்காரரு” என்றாள். அவள் முடியை அன்று கொஞ்சம் கூடவே வெட்டிவிட்டேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் செரோப் வந்தார். கையில் கத்தா ரொட்டிப் பெட்டி. போட்டிக்குப் பிறகு அன்றுதான் வருகிறார். முகம் இளைத்திருந்தது. எப்போதும் வாசலிலேயே ஆரம்பிக்கிற கேலி இல்லை. நான் காபி வைத்தேன். கவோருக்குக் காபி வைக்காமல் இருக்க முடியுமா? வைத்துவிட்டு அடுப்புப் பக்கமே நின்றுகொண்டேன்.

மிசாக்கும் அவரும் ஷோகிக்கின் படிப்பைப் பற்றி, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி எல்லாம் பேசினார்கள். காபி ஆறிப்போனது. பிறகு செரோப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உலகக் கோப்பைக்கு ஒரு துணையாளைக் கூட்டிட்டுப் போகலாம். கூடவே இருந்து தயார் பண்ணிக் குடுக்க. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா? நீ இந்த வருஷம் தயார் பண்ணினதெல்லாம் சும்மா கெடக்குது. வீணாப் போகக் கூடாது. நாம ரெண்டு பேருமா போறதுதானே அது? வா, மிசாக் ஜான்.”

அதே குரல். சாவியைக் கொடுத்த குரல். என் கையில் இருந்த துணியை முறுக்கினேன். அவன் படித்து வைத்த அத்தனை ஆட்களும், கஞ்சியும் கைக்குட்டையும் துவைத்த சட்டையுமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் இனி இன்னொருவர் பலகையில். இவன் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்க வேண்டும். சரி என்று சொல்லப்போகிறான், வேறென்ன சொல்லிவிடப்போகிறான் என்று நினைத்தேன். என் நாக்கு நுனியில் வார்த்தை துடித்தது. கடித்துக்கொண்டேன்.

மிசாக் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை மேசைமேல் இருந்தது. நீளவில்லை.

“இல்ல, கவோர் ஜான்” என்றான். “விளையாடுங்க.”

சமையலறையில் சொல்லிப் பழகிய அதே வார்த்தைகள், அதே வேகம். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

செரோப்பின் கண் நிறைந்துவிட்டதைப் பார்த்தேன். உதடு கோணியது. அழப்போகிறாரா, திட்டப்போகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதாடா?” என்றார்.

எழுந்து மேல்கோட்டை மாட்டிக்கொண்டார். என் தலையில் கையை வைத்தார், எப்போதும் வைக்கிற மாதிரியே. கதவு வரை மிசாக் போனான். படியில் அவர் இறங்குகிற சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. ஜெர்முக்கில் அந்தச் சமாதானத்தை வேண்டுமென்றே கேட்டாரா, வாய்க்குப் பழக்கமாக வந்ததா, கேட்டுவிட்டு இவன் மறுக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

எனக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அந்த வார்த்தையை மரக்கரண்டியால் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தவள் நான்தானே. மிசாக் திரும்பி வந்து அவர் குடிக்காத காபிக்கு முன்னால் உட்கார்ந்தான்.

“சொல்லிட்டேன், ஹெகினே” என்றான்.

“கேட்டுச்சு” என்றேன். கோப்பையை எடுத்துக் கழுவப் போனேன்.